தாத்தாவின் தகரப் பெட்டி: குடும்பக் காகிதங்களை மீட்டெடுத்த வேலைக் குறிப்புகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய காகிதத்தைக் கையில் எடுக்க ஜூன், ஜூலைதான் ஏற்ற மாதங்கள். மழை குறைவு, காற்றில் பிசுபிசுப்பு இருக்காது. அதனால்தான் சாட்ஸ்வொர்த்தில் தம்பி வீட்டு கராஜில் இருந்த தாத்தாவின் தகரப் பெட்டியைக் குளிர்காலம் வரும்வரை திறக்காமல் வைத்திருந்தேன். என்னோடு சேர்ந்து வேலை செய்தவள் தம்பி மகள். வயது பத்து. பெட்டியில் இருந்ததைக் காப்பாற்றி, படமெடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த கப்பலின் ஆள் பட்டியல்வரை போய்ச் சேர்ந்ததை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மேகசின் பாரக்ஸ் குடும்பம். டர்பன் நகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடியமர்த்திய இடம் அது, சோம்ட்சு சாலைப் பக்கம். தமிழரும் தெலுங்கரும்தான் அதிகம். 1950இல், இனவாரியாகக் குடியிருக்கும் இடத்தைப் பிரிக்கும் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அறுபதுகளில் பாரக்ஸைக் காலி செய்யவைத்துச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அந்த இடமாற்றத்தில் எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் போயே போய்விட்டன. தாத்தா பாத்திரம் பண்டத்தை லாரியில் ஏற்றிவிட்டு இந்தப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் என்று அம்மா சொல்வார்.

தாத்தா தமிழ் நன்றாக வாசிப்பார். இங்கிலீஷ் வராது. பெட்டியில் இருந்ததோ பாதிக்கு மேல் அரசாங்கத்து இங்கிலீஷ் காகிதம். எனக்கு ஒன்பது வயதானபோது அதையெல்லாம் அவருக்கு வாசித்துக்காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் கூப்பிடுவார். "என்ன போட்டிருக்கான், படிம்மா." நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவர் தமிழில் அதற்கு உயிர் கொடுப்பார். வரி மூன்று பவுன் (தங்கம் அல்ல, இங்கிலீஷ் பணம்) என்று நான் வாசித்தால், அவருடைய அப்பா அந்த மூன்று பவுனைச் சேர்க்க என்னவெல்லாம் விற்றார் என்று சொல்வார். ஒரு வேலை கொடுத்து, அந்த வேலைக்கு நான்தான் வேண்டும் என்று என்னை நம்பவைத்தார். குடும்பக் கதையின் மேல் எனக்கு ஆசை வந்தது அப்படித்தான். பெரியவர்கள் உட்காரவைத்து "நம்ம முன்னோர்கள் பட்ட கஷ்டம் தெரியுமா" என்று பேசியதால் வரவில்லை. அதனால் தம்பி மகளிடமும் நான் கதையில் ஆரம்பிக்கவில்லை. ஒரு மெல்லிய பிரஷ்ஷையும் முகக்கவசத்தையும் கொடுத்து ஆரம்பித்தேன்.

பெட்டியைத் திறக்கும் முன்பே ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும்: எதையும் அடுக்கி ஒழுங்குபடுத்தக் கூடாது. எந்தக் காகிதம் எதோடு சேர்ந்து கட்டப்பட்டிருக்கிறது என்பதே ஒரு செய்தி. அதனால் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு அடுக்கையும் போனில் படமெடுத்த பிறகே கையில் எடுத்தோம். படத்தில் ஒரு சிறு சீட்டில் எண் எழுதி ஓரமாக வைப்பாள் பிள்ளை. அந்த எண்தான் பிறகு கோப்புப் பெயர், உறை எண், நோட்டில் வரிசை எண் எல்லாமே.

மேல் அடுக்கில் பூசணமும் ராமபாணப் பூச்சியும் இருந்தன. வீட்டுக்குள் தட்டினால் பூசணம் மற்ற பொருளுக்குப் பரவும், மூச்சுக்கும் கேடு. நிழலான வராந்தாவில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் நம்மிடமிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தோம். வெயிலில் காயவைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், மை வெளுக்கும், காகிதம் அப்பளமாக நொறுங்கும். பூச்சி இருந்த கட்டுகளைக் காற்றை வெளியேற்றி பாலித்தீன் பையில் இறுக்கி மூடி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தோம். வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்துவிடக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் காகிதத்தின் மேலேயே கோத்துக்கொள்ளும். புகைப்படங்களை இப்படிக் குளிரில் வைக்கவில்லை, காகிதங்களை மட்டும்தான்.

குண்டூசிகளும் காகிதக் கவ்விகளும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் காகிதம் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கவ்விக்கும் தாளுக்கும் நடுவில் நுழைத்து, கவ்வியின் காலை மெல்லத் தூக்கினால் போதும், தானாக விடும். பத்து வயது விரல் இதற்கு என் விரலைவிட நன்றாக ஒத்துழைக்கிறது.

மடித்தே வைத்திருந்த தாள்கள்தான் கவலை தந்தன. நூறு வருடத்துக்கு மேல் மடிப்பிலேயே இருந்த தாளைப் பிரித்தால் மடிப்பிலேயே முறியும். முதலில் மை தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரு புள்ளி மையின் மேல் லேசாக ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியைத் தொட்டு எடுத்தால், பஞ்சில் நிறம் ஏறுகிறதா என்று தெரியும். ஏறினால் அந்தத் தாளை அப்படியே விட்டுவிட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். ஏறாதவற்றுக்கு நாங்கள் செய்தது இது: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில் பிழிந்த ஸ்பாஞ்ச், அதன்மேல் கம்பித் தட்டு, தட்டின்மேல் தாள். தண்ணீர் தாளைத் தொடவே கூடாது, டப்பாவுக்குள் இருக்கும் ஈரக் காற்று மட்டும் போதும். ஓரிரு மணிநேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாள் துணிபோல் தளர்ந்ததும் எடுத்து, மெதுவாக விரித்து, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான பலகை. ஒற்றுத்தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். ராத்திரி அப்படியே டப்பாவில் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பூசணம்தான் கிடைக்கும்.

கிழிசலுக்கு செலோடேப் போடாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் எடுக்க முடியாது. ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையும்தான் நல்லது. தேவைப்பட்டால் பின்னாளில் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். லேமினேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பாசத்தின் பேரில் மூதாதையரின் காகிதங்களைச் சூட்டில் லேமினேட் செய்து சுவரில் மாட்டுகிறார்கள். அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் திரும்பப் பிரிக்கவே முடியாதவை. சுவரில் மாட்ட ஒரு நகல் போதும். அசலை அமிலமில்லாத உறையில் வைத்து இருட்டில் வையுங்கள்.

பெட்டியின் நடுவில் இரண்டு ஆல்பங்கள். ஒன்று கறுப்புத் தாளில் மூலை ஒட்டிய பழைய ஆல்பம். அது நன்றாகவே இருந்தது, தொடவில்லை. இன்னொன்று எழுபதுகளில் வந்த, பக்கம் முழுக்கப் பசை பூசி மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்திய வகை. அந்தப் பசை படத்தின் முதுகைத் தின்கிறது, பிளாஸ்டிக் முகத்தைத் தின்கிறது. இதிலிருந்து படங்களை விடுவிப்பதுதான் இந்த வேலையிலேயே நேரம் பிடித்த பகுதி. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்தோம். பிறகு வாசனையும் மெழுகும் இல்லாத டென்டல் ஃப்ளாஸை ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, இரு கையாலும் பிடித்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் மிக மெதுவாக இழுத்தோம். படத்தை மேலே வளைக்கக் கூடாது. நூல்தான் நகர வேண்டும், படம் படுத்தே இருக்க வேண்டும். நூல் நின்றால் நிறுத்திவிட்டு எதிர் மூலையிலிருந்து வர வேண்டும். அசையவே மறுத்த இரண்டொரு படங்களைப் பக்கத்தோடு வெட்டியெடுத்து அப்படியே உறையில் போட்டேன். பின்பக்கம் அட்டை ஒட்டியிருந்தால் என்ன, முகம் பிழைத்ததே.

அப்படி விடுபட்ட ஒரு கல்யாணப் படத்தின் முதுகில்தான் பிள்ளை முதல் கேள்வியைக் கேட்டாள். தாத்தாவின் கையெழுத்து, பென்சிலில்: "துர்முகி, சித்திரை." ஞாயிறுதோறும் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் அவளும் இருக்கிறாள், அதனால் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள்.

"துர்முகின்னா யார் அத்தை? பொண்ணு பேரா?"

தமிழ் வருஷங்களுக்குப் பெயர் உண்டு, அறுபது பெயர், அறுபது முடிந்தால் திரும்பப் பிரபவவிலிருந்து வரும் என்று சொன்னேன். பிரபவ 1927இல் பிறந்தது என்றால் துர்முகி எது என்று விரல்விட்டு எண்ணினாள். முப்பதாவது பெயர், 1956. படத்தில் மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டும் சரியாகவே அந்தக் காலத்தைச் சொன்னது. சித்திரை என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை. ஆங்கிலத் தேதி ஒன்றுகூட எழுதாமல் தாத்தா மாதம்வரை சொல்லிவைத்துப் போயிருக்கிறார்.

இது ஏன் முக்கியமாகிவிட்டது என்றால், பெட்டியின் அடியில் ஒரு பழைய பஞ்சாங்கம் இருந்தது. அதன் ஓரத்திலும் அதே கை: "அப்பா கப்பல் ஏறியது துர்முகி." பிள்ளை உடனே, "அப்போ 1956லயா கப்பல்ல வந்தாங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நோட்டைக் கொடுத்தேன். அறுபதைக் கழித்து 1896 என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தாத்தாவுக்கு ரசீது வாசித்துக்கொண்டிருந்த நாளில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நோட்டில் எழுதும் முறையையும் அன்றே அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். உறுதியாகத் தெரிந்தது ஒரு பக்கம். வீட்டில் சொல்வது மறுபக்கம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எந்த உறையிலிருந்து வந்தது என்ற எண். பென்சிலில் மட்டும் எழுத வேண்டும். ஒன்பது வயதில் நான் தாத்தா சொன்னதை எழுதிவைத்த பள்ளிக்கூட நோட்டும் பெட்டியில் இருந்தது. பென்சிலில் எழுதியது இன்றும் பளிச்சென்று இருக்கிறது, பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் எண்ணெய் கசிந்து பின்பக்கம்வரை இறங்கியிருக்கின்றன. படங்களின் முதுகில் எழுதுவதாக இருந்தாலும் மென்பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பளபளப்பான புதுவகைப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு உறைமேல் எழுதி, மை காய்ந்த பிறகே படத்தை உள்ளே வைக்க வேண்டும்.

அடுத்து அம்மா. எண்பத்தேழு வயது. "உங்க பழைய கதையெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டால் எல்லாப் பெரியவர்களும் சொல்வதைத்தான் அம்மாவும் சொல்வார்: "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், பொழைச்சோம்." ஆகவே கேட்கும் வேலையைப் பிள்ளைக்கு விட்டேன், கையில் ஒரு பொருளோடு. ஒரு படத்தை நீட்டி, "ஆயா, இந்தக் குழாய் யார் வீட்டுது?" என்றாள். அது யார் வீட்டுக் குழாயும் இல்லை, பாரக்ஸின் பொதுக் குழாய். அங்கிருந்து அம்மா புறப்பட்டுவிட்டார். காலையில் யார் முதலில் குடம் வைப்பார்கள், எந்த வரிசையில் யார் வீடு, கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில் எந்த வீட்டு வாசலில் அண்டா வைப்பார்கள், புரட்டாசி முழுக்க யார் வீட்டில் கவிச்சி சமைக்கமாட்டார்கள், சோம்ட்சு சாலைக் கோயிலுக்கு எந்தச் சந்து வழியாகப் போவது. ஒரு பெரிய தாளைக் கொடுத்தோம். நடுங்கும் கையால் குழாய், கழிப்பறை வரிசை, கோயில், பள்ளிக்கூடம் என்று படமே வரைந்துவிட்டார். பெரியவர்கள் எங்களிடம் அடக்கிவைப்பதைக் குழந்தைகளிடம் தாராளமாகக் கொட்டுவார்கள். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை. பக்கத்தில் போனை ஒலிப்பதிவில் போட்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டே வைத்தோம். அரை மணிநேரத்துக்கு மேல் ஒரேயடியாக நீட்டக் கூடாது. மறுநாள் தொடர்வதற்கு அவரே ஆசையோடு காத்திருப்பார்.

இப்போது வரி ரசீதுகள். டர்பன் இருக்கும் நேட்டால் அன்று பிரிட்டிஷ் காலனி. அங்கே 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம், அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஐந்து வருடம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் போடாமலும் இங்கேயே தங்கினால், வருடத்துக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்றது. ஒப்பந்தக் கூலி முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது. ஆறு மாதக் கூலி! 1903இல் பதினாறு வயது தாண்டிய பையன்கள், பதின்மூன்று தாண்டிய பெண்பிள்ளைகள் மேலும் அதை நீட்டினார்கள். 1913இல் இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டத்தால் வரி ஒழிந்தது. எங்கள் தாத்தா 1898இல், விளம்பியில் பிறந்தவர். பதினாறு நிறைந்தது அதே 1914இல். கொள்ளுத்தாத்தாவின் ரசீதுகள் 1902இல் தொடங்குகின்றன: 1896-97இல் கப்பல், ஐந்து வருட ஒப்பந்தம், அடுத்து வரி. பஞ்சாங்க ஓரக் குறிப்பும் ரசீதும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே ஆண்டைச் சொல்லின. தாத்தா பெயரில் ஒரு ரசீதும் இல்லை. ஒன்பது வயதில் நான் ஒவ்வொன்றாய் வாசிக்க வாசிக்க அவர் ஏன் தலையாட்டிக்கொண்டே இருந்தார் என்று, இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப்பார்த்தபோதுதான் புரிந்தது.

ரசீதுகளில் இன்னொன்றும் இருந்தது: காலனி எண். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் நேட்டாலில் ஓர் எண் கொடுத்தார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு, வரி, விண்ணப்பம் என எந்தக் காகிதத்திலும் பெயருக்கு முன்னால் அந்த எண் நிற்கும். இங்கே தன் வேரைத் தேடும் எவருக்கும் அந்த எண்தான் சாவி. உங்கள் வீட்டில் ரசீது இல்லையென்றால் கீழிருந்து மேலே ஏறுங்கள்: முதலில் தாத்தா பாட்டியின் சாவுச் சான்றிதழ், பிறகு அவர்கள் சொத்து விவரக் கோப்பில் இருக்கும் மரண அறிவிப்புப் படிவம். அதில் பிறந்த இடம், அப்பா அம்மா பெயர், கல்யாண விவரம், பிள்ளைகள் பெயர் வரைக்கும் கேட்டு எழுதியிருப்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடல் பட்டியலை வீட்டிலிருந்தே பார்த்து, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அங்கே அலைய வேண்டாம். பரம்பரைப் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். இங்கே பல வீடுகளில் அப்பாவின் முதற்பெயர் பிள்ளைகளுக்குப் பரம்பரைப் பெயராகிவிட்டது. கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளே வேறு வேறு பரம்பரைப் பெயரில் வாழ்ந்து போயிருக்கிறார்கள்.

கப்பல் பட்டியலின் கதை தனி. 1860 நவம்பர் 16இல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911இல் கடைசிக் கப்பல். இடையில் 1,52,184 பேர், அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். க்வாஸுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இதைப் பார்க்கலாம். எண் கையில் இருந்தால் வரி உடனே கிடைத்துவிடும். பெயரை வைத்துத் தேடினால் பொறுமை வேண்டும்: குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். முனுசாமி ஒருவருக்கே ஐந்தாறு எழுத்து வடிவம் உண்டு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எழுத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள்.

எண்ணைத் தட்டியதும் கொள்ளுத்தாத்தா வந்தார். கப்பல் பெயர் 'உம்' என்று தொடங்கும் கப்பல்களில் ஒன்று. உம்லாசி, உம்சின்டோ, உம்வோட்டி, உம்ஃபூலி என்று நேட்டால் ஆறுகளின் பெயர் வைத்த கப்பல்கள்தான் அப்போது அதிகம். தேதி, துர்முகிக்குள் சரியாக விழுந்தது. (எண்ணையும் கப்பலையும் இங்கே எழுதவில்லை, அது உயிரோடு இருக்கும் பல உறவினர்களின் சொந்தத் தகவலும்கூட.) அங்கேயே நின்றுவிடக் கூடாது என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். ஒரே கப்பலில் வந்தவர்களுக்கு எண் அடுத்தடுத்து விழும். ஒரே வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். முன்னால் பத்து, பின்னால் பத்து வரிகளை வாசிக்க வேண்டும். அவள் விரலை வைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு வரி கீழே கொள்ளுப்பாட்டி. வயது இருபது. வலது புருவத்துக்கு மேலே தழும்பு. அப்பா பெயர்க் கட்டத்தில் ஒரு பெயர், எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாத பெயர்.

தெரியாத பெயர் என்றேன், ஆனால் கேள்விப்படாத பெயர் அல்ல. தாத்தாவின் அண்ணனுக்கு அதே பெயர். அவர் பெயர் மட்டும் மற்றப் பிள்ளைகளின் பெயர்களோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதே என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தலைப்பிள்ளைக்குத் தன் அப்பாவின் பெயரை வைத்திருக்கிறார் கொள்ளுப்பாட்டி. இருபது வயதில் கடல் தாண்டி வந்து, திரும்பப் பார்க்கவே போகாத அப்பாவை வாய்நிறையக் கூப்பிட ஒரு வழி! இது எங்களுக்கு உணர்ச்சி மட்டுமல்ல, சான்றும்கூட: அந்த வரியில் இருப்பவர் எங்கள் கொள்ளுப்பாட்டிதான் என்பதை எண்ணுக்கு அடுத்தபடியாக இந்தப் பெயர்தான் உறுதி செய்தது. தமிழ்க் குடும்பங்களில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தைத் தேடலில் பயன்படுத்துங்கள். தலைமுறை தாண்டித் திரும்ப வரும் பெயர்களை மேலும் கீழுமாக எழுதிப் பார்த்தாலே குடும்ப மரத்தில் பாதி தெரிந்துவிடும்.

சாதிக் கட்டத்தைப் பிள்ளை கேட்காமல் விடவில்லை. நானும் மறைக்கவில்லை. ஆள் சேர்க்கும் டிப்போவில் கேட்கப்பட்ட கேள்விக்கு வந்த பதில் அது; அந்த நேரத்தில் எது சொன்னால் கப்பல் ஏறவிடுவார்கள் என்று தோன்றியதோ அதைச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் நோட்டில் அதைப் பட்டியலில் உள்ளபடியே எழுதிவைத்தோம். ஆனால் மரத்தில், பெயருக்குப் பக்கத்தில் போடவில்லை. அதை வைத்து யாரும் பெருமையோ சிறுமையோ பேசுவது எனக்கு உடன்பாடில்லை. குடும்ப வரலாறு தேடக் கிளம்பி ராஜவம்சத்தில் போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதக் கூலியை வரியாகக் கட்டிக்கொண்டு பிள்ளை வளர்த்த இந்த இருவரைவிட எந்த ராஜாவும் எனக்கு வேண்டாம்.

ஊர் விஷயம் இன்னும் முடியவில்லை. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர். கிராமத்தின் பெயர் இரண்டு விதமாக வாசிக்க இடம் கொடுக்கிறது. பழைய வட ஆற்காட்டை இன்றைய வரைபடத்தில் தேடும்போது கவனம் வேண்டும். வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் அதிலிருந்து வந்தவை. சித்தூர்ப் பக்கமும் 1911வரை அதில்தான் இருந்தது. ஆந்திராவில் இன்று இருக்கும் ஒரு கிராமத்துக்காரர் பட்டியலில் வட ஆற்காட்டுக்காரராக நிற்பார். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால், தாலுகாவைப் பிடித்துக்கொண்டு கிராமத்துக்கு வருவதுதான் முறை. கிராமப் பெயர் ஒத்துப்போகிறது என்று குதித்துவிடக் கூடாது.

நகலெடுப்பு பற்றிச் சுருக்கமாக. படங்களை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், எழுத்துக் காகிதங்களை 300இல் எடுத்தோம். முன்பக்கம் மாதிரியே பின்பக்கத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். ஸ்கேனருக்குள் போகாத பஞ்சாங்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் போனில் எடுத்தோம். ஒரு தொகுப்பு தம்பி வீட்டுக் கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில் என் வீட்டில், ஒன்று இணையக் கிடங்கில். ஒரே வீட்டில் எல்லாப் பிரதியும் இருந்தால் ஒரு வெள்ளத்தில் எல்லாம் போகும். 2022 ஏப்ரலில் டர்பனைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அசல்கள் அமிலமில்லாத உறைகளில், புதிய அட்டைப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, கராஜில் அல்ல, வீட்டுக்குள் நடு அறை அலமாரியில். தகரப் பெட்டியைத் துரு சுரண்டித் துடைத்து அம்மா அறையில் வைத்திருக்கிறோம். அதில் இனி காகிதம் வைக்கமாட்டோம்.

மீதி இருப்பது கடிதக் கட்டு. போளூர்ப் பக்கமிருந்து தாத்தாவுக்கு வந்த தமிழ்க் கடிதங்கள். ஒவ்வொன்றும் "ம-ள-ள-ஸ்ரீ" (மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதை விளியின் சுருக்கம்) என்று தொடங்கி, "இங்கு யாவரும் க்ஷேமம், தங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று விசாரித்து, பிறகுதான் மழை, மாடு, கல்யாணம், கடன் என்று விஷயத்துக்கு வருகின்றன. இங்கிலீஷ் வராத தாத்தாவுக்கு நான் ரசீது வாசித்தேன். கூட்டெழுத்துத் தமிழ் வராத தம்பி மகளுக்கு இப்போது கடிதம் வாசிக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒன்றொன்றாக. நான் வாசிக்க, அவள் உறை எண்ணோடு நோட்டில் எழுதுகிறாள். சமயத்தில் ஒரு வரியில் தாமதித்தால், "அப்புறம் என்ன போட்டிருக்கு, படிங்க அத்தை" என்று விரட்டுகிறாள்.

இந்தக் கடிதங்களில் பாதிப் பேச்சுதான் இருக்கிறது. "தாங்கள் அனுப்பிய கடிதமும் படமும் கிடைத்தது" என்று பல கடிதங்களில் வருகிறது. தாத்தா எழுதியவை, டர்பன் முத்திரை குத்திய உறைகளில், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். எங்களுடையது மட்டுமல்ல, நேட்டாலிலிருந்து, மொரீஷியஸிலிருந்து, பர்மாவிலிருந்து போன எத்தனையோ கடிதங்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கம் இருப்பவர்கள் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரண் சுத்தம் பண்ணும்போது, வெளிநாட்டு முத்திரை உள்ள உறையைப் பார்த்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உறையை எறியவும் வேண்டாம். அனுப்பியவர் பெயரும் முகவரியும் அந்த உறையின் முதுகில்தான் இருக்கும். பூசணம் பிடித்திருந்தால் மேலே சொன்ன மாதிரி நிழலில் துடைத்து, இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் பிரஷ்ஷை அவர்கள் கையில் கொடுங்கள்.